மாஸ்டர் மூச்சு வாங்கும் இடம்

வாத்தியக்காரர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி வந்தார்கள். எனக்கு அடிக்கத் தெரியும். எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை என்றார்கள். அதனால் நானும் மாஸ்டரும் செட்டு நடத்தியதை எழுதுகிறேன். புதிதாகச் செட்டுக் கட்டுகிறவர்களுக்கு உதவலாம். உதவாமலும் போகலாம்.

1. ஊதுகிறவரும் அடிக்கிறவனும்

என் பெயர் சுருளி. ஊர் சுருளிப்பட்டி. வேலை தவில். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களிடம் ஒரு நையாண்டி மேளம் இருந்தது. நாயனம், தவில், பம்பை, உறுமி, தாளம் எல்லாம் உண்டு. கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். காரணம் உறுமி. உறுமியில் குச்சியை வைத்து இழுத்தால் கூட்டத்தில் யாருக்காவது சாமி வந்துவிடும். போடியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தைக்குச் சாமி வந்தது. பந்தியில் அவருக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றாததைச் சாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டது. அதோடு தேனி பஜார்க் கடைக்காரர்கள் எங்களை விட்டுவிட்டார்கள்.

பிறகு எங்கள் நாயனக்காரர் ஒரு நாடகக் கம்பெனியோடு மதுரைப் பக்கம் போனார். வரவில்லை. நாயனம் போனால் மேளத்தில் மிச்சம் இருப்பது சத்தம்தான்.

தேனி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் இஞ்சு டேப் தொங்க ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தார். மாஸ்டர் தேவசகாயம். பகலில் தையல்கடை. முகூர்த்த நாளில் பேண்டு செட். மிஷன் பள்ளிக்கூடத்து பேண்டில் கிளாரினெட் படித்தவர். அவரிடம் டிரம்பெட்டும் சைடு டிரம்மும் இருந்தன. பெரிய டிரம்மும் இருந்தது. அதை அடித்த ஆள் மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்.

"ஏலே, நீதான் தவிலடிக்கிற சுருளியா?"

"ஆமா."

"எங்கிட்ட ஊத ஆளு இருக்கு. அடிக்க ஆளு இல்ல. உங்கிட்ட?"

"அடிக்க இருக்கு."

"அப்பச் சேந்துருவமா?"

"சரி."

"யோசிச்சுச் சொல்லுப்பா."

"யோசிச்சாச்சு மாஸ்டர்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். கல்யாணத்துக்கு உறுமி வரக் கூடாது" என்றார்.

"உறுமி அடிக்கிறவன் வருவானே."

"வரட்டும். அவனுக்கு ஜால்ரா குடுத்துருவோம்."

அவ்வளவுதான் பேச்சு. டீக்கு அவர்தான் கொடுத்தார்.

2. கோட்டு

மாஸ்டர் தையல்காரர் என்பதால் எல்லோருக்கும் சிவப்புக் கோட்டு தைத்தார். தோளில் மஞ்சள் ஜரிகை. பித்தளைப் பொத்தான். எனக்கும் அளவு எடுத்தார். தவில் வாரைத் தோளில் மாட்டினால் ஜரிகை பிய்ந்தது. கையை வீசினால் அக்குள் கிழிந்தது. மாஸ்டர் ஒவ்வொரு முகூர்த்தத்துக்குப் பிறகும் தைத்தார். ஒவ்வொரு முகூர்த்தத்திலும் கிழிந்தது. கடைசியில் கோட்டின் கையையே வெட்டிவிட்டார்.

கால்சட்டை போட மாட்டோம் என்று என் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். எனவே மேலே கோட்டு, கீழே வேட்டி. சின்னமனூரில் ஒரு வீட்டுக்காரர் எங்களை வாசலில் நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தார். "மேல பாத்தா கவர்னரு மாதிரி இருக்கீக. கீழ பாத்தா கொடிக்காலுக்கு வெத்தலை கிள்ளப் போறவுக மாதிரி இருக்கு. நான் எதைக் கூப்புட்டு உக்கார வைக்க?" என்றார்.

மாஸ்டர் சொன்னார்: "மேல இருக்குறவரை உக்கார வைங்க. கீழ இருக்குறவரும் வந்துருவாரு."

அடுத்த தகராறு பெயர். பெரிய டிரம்மில் செட்டின் பெயரை எழுத வேண்டும். யார் பெயர் முதலில் என்று என் ஆட்களும் அவர் ஆட்களும் முறைத்துக்கொண்டார்கள். டிரம்முக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் 'தேவசகாயம் – சுருளி செட்' என்று எழுதினோம். மறுபக்கம் 'சுருளி – தேவசகாயம் செட்' என்று எழுதினோம். தெருவின் இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு ஒரு செட். அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு வேறு செட். உத்தமபாளையத்தில் சில வீடுகளில் பேண்டு போதும், தவில் வேண்டாம் என்பார்கள். அங்கே நான் பெரிய டிரம் அடிப்பேன். அப்போது என் பெயர் முதலில் இருக்கும் பக்கம் என் குச்சிக்கு அடியில் இருக்கும். அந்தப் பெயர் சீக்கிரம் மங்கிவிட்டது.

3. மூச்சு

கிளாரினெட் மூச்சில் ஓடுகிற வாத்தியம். ஊதுகிறவர் பாட்டின் நடுவே எங்கேயாவது மூச்சு வாங்க வேண்டும். நல்ல வாத்தியக்காரர் கேட்கிறவருக்குத் தெரியாமல் வாங்குவார். மாஸ்டரும் அப்படித்தான் இருந்தார். ஆனால் பனிக்காலத்தில் அவருக்கு இழுப்பு வரும். அதைச் சொல்ல மாட்டார். கேட்டால் ஊதும் சீவாளியைக் காட்டி, "ரீடு சரியில்லப்பா" என்பார்.

தெருவில் நடந்துகொண்டே ஊதும்போது, மேடான இடத்தில் பாட்டு ஓர் இடத்தில் அறுந்துவிடும். நான் பின்னால் நடப்பவன். அவர் முதுகு எனக்குத் தெரியும். மூச்சு முட்டப்போகிறது என்றால் கோட்டின் நடுத் தையல் லேசாக மேலே ஏறும். அதைப் பார்த்ததும் நான் ஒரு உருட்டு அடிப்பேன். அவர் மூச்சை வாங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பாட்டு அங்கேயே நிற்கும். கூட்டம் அதைத் தவில்காரன் வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்துக் கைதட்டும்.

மாஸ்டரும் அப்படித்தான் நினைத்துவிட்டார்.

4. ஜெயமங்கலம்

ஜெயமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. கார்த்திகை முடியும் சமயம். நல்ல பனி. மாஸ்டருக்கு அன்று இழுப்பு அதிகம். நானும் அதிகமாக அடித்தேன். கூட்டத்தில் ஒருவர், "தவில்காரருக்கு ஒரு சோடா குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டார். மாஸ்டருக்குச் சோடா கொடுக்கவில்லை.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம்.

"ஏலே சுருளி. நான் பாட்டு வாசிக்கிறேன். எதுக்கு அது மேல விழுந்து விழுந்து அடிக்கிற?"

அவருக்கு இழுப்பு என்று அவர் ஆட்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

"உன்னத்தான் கேக்குறேன்."

நான் தவில் வாரை இறுக்கினேன்.

"ஒரு சோடாவுக்கா இம்புட்டு? இனிமே நீ தனியா அடி. நான் தனியா ஊதுறேன். எவன் கேக்குறான்னு பாப்போம்."

"சரி" என்றேன்.

"இதுக்கு மட்டும் வாயத் தொறந்து பதில் சொல்றான் பாரு" என்றார்.

பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால். தேனியில் இறங்கியதும் பெரிய டிரம்மை யார் எடுப்பது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் பெயர் இருந்தது. அவரும் தொடவில்லை. நானும் தொடவில்லை. டீக்கடைக்காரர், "இங்கன கெடக்கட்டும்யா, எவனாச்சும் ஒருத்தன் வந்து எடுத்துக்கங்க" என்றார்.

5. பஜார்க் கல்யாணம்

தை மாதத்து வேலை எல்லாம் தேனி பஜாரில்தான் முடிவாகும். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் நன்றாக வாசித்தால் மற்ற கடைக்காரர்கள் அங்கேயே பேசி விடுவார்கள். அப்படி ஒரு கல்யாணம் தை முதல் முகூர்த்தத்தில் வந்தது. மாப்பிள்ளை வீடு தேனியில் ஜவுளிக்கடை. பெண் வீடு போடியில் ஏலக்காய் வியாபாரம். மாப்பிள்ளையின் பெரியப்பா என்னிடம் வந்தார். "உங்க செட்டு வந்துருங்க" என்றார். சரி என்றேன். பெண்ணின் தாய்மாமன் மாஸ்டரின் தையல்கடைக்குப் போய் அதையே சொல்லியிருக்கிறார். மாஸ்டரும் சரி என்றிருக்கிறார். நாங்கள் பிரிந்தது வெளியே யாருக்கும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

இந்த வேலை கெட்டால் எனக்கு ஏலக்காய்த் தோட்டத்தில் களை எடுப்புதான். பம்பைக்காரன் மலைக் குளிருக்கு முன்கூட்டியே கம்பளி இரவல் வாங்கி வைத்துவிட்டான்.

நாயனத்துக்குக் கம்பம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைப் பிடித்தேன். நன்றாக வாசிப்பார். ஆனால் வாழ்நாளெல்லாம் கோயில் திருவிழாவுக்கு வாசித்தவர். கல்யாணப் பாட்டை எடுத்தாலும் பாதியில் அது சாமி அழைக்கிற பாட்டாகிவிடும். மண்டப வாசலில் அவர் எடுத்த எடுப்பில் மாப்பிள்ளை வீட்டு ஆத்தா ஒருவர் கொட்டாவி விட ஆரம்பித்தார். கொட்டாவிக்கு அடுத்தது சாமி. எனக்குப் பாயசம் ஞாபகம் வந்தது. நாயனத்தை நிறுத்தச் சொன்னேன். பெரியவர் கோபித்துக்கொண்டு முதல் பந்திக்குப் போய்விட்டார். மறுபடியும் என்னிடம் ஊத ஆள் இல்லை.

மண்டபத்துக்குள் எதிர்ப்பக்கம் மாஸ்டர் நின்றார். கோட்டைத் தேய்த்துப் போட்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இருவரும் பார்க்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டோம்.

"ரெண்டு பக்கமும் நிக்கிறீக. புதுப் பழக்கமாய்யா?" என்று பெரியப்பா கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

மாஸ்டர் வாசிக்கத் தொடங்கினார். முதல் பாட்டு பாதி வரை போனது. நடுத் தையல் ஏறியதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகம்தான் என் பக்கம் இருந்தது. பாட்டு அறுந்தது. மறுபடி பிடித்தார். மறுபடி அறுந்தது. சைடு டிரம்காரன் என்ன செய்வது என்று தெரியாமல் அவனும் நிறுத்தினான்.

பெரியப்பா சும்மா இருக்கவில்லை. "என்னய்யா, பொண்ணு வீட்டு வாத்தியம் விக்குது? யாராச்சும் தண்ணி குடுங்கய்யா" என்றார். பஜார்க்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் கிளாரினெட்டைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெண்ணின் தாய்மாமன் எழுந்தார். கனமான ஆள். அவருக்கு ஏற்கெனவே ஒரு வருத்தம். வாசலில் பெரியப்பா வருகிறவர்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு வாங்க என்றாராம். இவர் வந்தபோது மட்டும் வேன்காரனோடு பேசிக்கொண்டிருந்தாராம்.

"வாத்தியத்தைக் கேலி பண்ணுறது இருக்கட்டும். வாசல்ல வந்தவனை வாங்கன்னு கேக்கத் தெரியுமாய்யா உங்களுக்கு?"

"நான் எல்லாரையும்தான கேட்டேன்?"

"என்னைக் கேட்டீகளா?"

"கேட்டிருப்பேன்."

"கேட்டிருப்பேனா? நான் என்ன கடையில துணி பாக்க வந்தவனா? தாய்மாமன் கையப் பிடிச்சுக் கூட்டியாராம பொண்ணு மணவறை ஏறாது. கும்புட்டுக் கூப்புடுற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கப் போறதில்ல" என்று மறுபடி உட்கார்ந்தார்.

"உங்களைக் கும்புட்டாத்தான் கல்யாணம்னா..." என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். முகூர்த்த நேரத்தில் தும்மல், அழுகை, கெட்ட சொல் எதுவும் மணமக்கள் காதில் விழக்கூடாது. அதை அமுக்கத்தான் கெட்டி மேளம். யாராவது கையைத் தூக்கி விரலை ஆட்டினால் அடித்துவிட வேண்டும். யார் ஆட்டினார், எதற்கு ஆட்டினார் என்று கேட்கக்கூடாது.

கொட்டாவி விட்ட அதே ஆத்தா கையைத் தூக்கி விரலை ஆட்டினார். "வாயில என்ன வரப்போகுதோ. அடிங்கப்பா" என்றார்.

நான் மாப்பிள்ளை வீட்டு ஆள். பெரியப்பாவின் பேச்சுக்கு மேல் அடிக்க எனக்குக் கை வரவில்லை. மாஸ்டர் பெண் வீட்டு ஆள். அவர் ஊதி அந்தப் பேச்சை அடைத்தார். டிரம்பெட்டும் சைடு டிரம்மும் சேர்ந்தன. பெரியப்பாவின் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பெரியப்பா நிறுத்தினார். பேண்டும் நிறுத்தியது. இப்போது தாய்மாமன் வாயைத் திறந்தார். இது என் வேலை. தவிலும் பம்பையும் போட்டு அமுக்கினேன். அவர் வாயை மூடினார். நான் நிறுத்தினேன். பெரியப்பா திறந்தார். மாஸ்டர் ஊதினார். தாய்மாமன் திறந்தார். நான் அடித்தேன். இப்படியே போனது. கொஞ்ச நேரத்தில் அது ஒரு கணக்கில் விழுந்துவிட்டது. அவர் நாலு, நான் நாலு. பிள்ளைகள் கைதட்டத் தொடங்கினார்கள். மணவறையில் மாப்பிள்ளை தொடையில் தாளம் போட்டதைப் பார்த்தேன்.

ஐயர் கையைக் காட்டி நேரம் போகிறது என்று ஜாடை செய்தார்.

பெரியப்பா இந்தத் தடவை விடுவதில்லை என்று நீளமாக ஆரம்பித்தார். மாஸ்டரும் நீளமாகப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிடித்தார். மூச்சு முடியப்போகிறது. ஒரு மாதம் முன்னால் என்றால் எனக்கு முதுகு தெரியும். இப்போது முகம் தெரிந்தது. கண் பிதுங்கியது. என் கை தானாக இறங்கியது. உருட்டு விழுந்தது. மாஸ்டர் மூச்சை வாங்கினார். வாங்கும்போது என்னைப் பார்த்தார். நான் அடிப்பதை அவர் முன்னாலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் மூச்சு வாங்கி முடித்ததும் நான் விட்டேன். அவர் பிடித்தார். அடுத்த இடத்தில் மறுபடி வாங்கினார். மறுபடி நான் அடித்தேன். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு நாங்கள் நிறுத்தவில்லை. யார் வீட்டு மேளம் யார் வாயை அடைக்கிறது என்ற கணக்கும் போய்விட்டது. எல்லாம் ஒரே செட்டு. மண்டபத்தின் தகரம் அதிர்ந்தது. பெரியப்பா காதைப் பொத்தினார். கையை ஆட்டிப் பார்த்தார். கையை ஆட்டினால் இன்னும் அடிக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். அடித்தோம். அவர் கத்தினார். அமுங்கியது. கடைசியில் வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவருக்கும் எங்களுக்கும் நடுவே தாய்மாமன் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் நிறுத்தினோம். மண்டபம் அமைதியாகிவிட்டது. தாய்மாமன் மெதுவாக எழுந்தார். துண்டைச் சரி செய்தார்.

"சரி விடுங்க. பெரியவுக. அம்புட்டுப் பேரு முன்னால தலைக்கு மேல கையெடுத்துக் கும்புட்டாக. இதுக்கு மேல ஒரு தாய்மாமனுக்கு என்ன வேணும்" என்றார்.

பெரியப்பா வாயைத் திறந்தார்.

நான் குச்சியைத் தூக்கினேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

தாய்மாமன் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். தாலி கட்டும்போது நானும் மாஸ்டரும் ஒரே பக்கம் நின்றோம். எப்போது இடம் மாறினோம் என்று தெரியவில்லை. பெரியப்பா யாரைக் கும்பிட்டார் என்று பிறகும் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு வீடும் இன்றுவரை ஒற்றுமையாக இருப்பதாகக் கேள்வி.

6. பந்தி

கடைசிப் பந்தியில் மாஸ்டர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ரசம் வந்ததும் கேட்டார்.

"இம்புட்டு நாளா நான் மூச்சு வாங்குற எடத்தத்தான் நீ அடைச்சுக்கிட்டு இருந்தியா?"

"ம்."

"ஜெயமங்கலத்துலயும்?"

"அன்னைக்கு ரொம்ப."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லடா."

"எல்லாரும் நின்னாக."

"அடுத்த நாள் கடைக்கு வந்து சொல்றது?"

"நீங்க தனியா ஊதுறேன்னு சொல்லிட்டீக."

"நான் சொன்னா? நீ சரின்னு சொல்லிருவியா?"

நான் ரசத்தை உறிஞ்சினேன். அவர் தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார். சோடா இல்லை என்பதால் வடை என்று நினைக்கிறேன்.

கை கழுவும் இடத்தில் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் வந்தார். "தை கடைசியில எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. எங்க சம்பந்தி வாய் ரொம்ப நீளம். நீங்கதான் வரணும். ரெண்டு பக்கமும் நிக்கிற மாதிரி" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அதே காரியத்துக்கு நின்றார்கள். பம்பைக்காரன் கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் இருவரும் டீக்கடைக்குப் போனோம். பெரிய டிரம் படுக்க வைத்துக் கிடந்தது. அதன்மேல் பன் தட்டு. பெயர் இருந்த இடம் முழுக்க டீக்கிளாஸ் வட்டம். "நல்ல மேசையா இருந்துச்சுய்யா. எடுத்துக்கிட்டுப் போறீகளாக்கும்" என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். மறுபடி பெயர் எழுதவில்லை. வட்டங்களோடுதான் கடைசிவரை அடித்தோம்.

மூச்சுக்கு ஒரு ஜாடை வைக்கலாம் என்றார் மாஸ்டர். முதலில் கண்ணைச் சிமிட்டுவது என்று முடிவு செய்தோம். கூடலூரில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தி அதைத் தன்னைப் பார்த்துச் சிமிட்டுவதாக நினைத்துவிட்டார். பின்வாசல் வழியாக வந்தோம். அதன்பின் இடது முழங்கையைத் தூக்குவது என்று மாற்றினோம். அது நிலைத்தது. மாஸ்டர் ஊதுவதை நிறுத்தும்வரை அதுதான்.

செட்டு நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூட நிற்கிறவருக்கு எங்கே மூச்சு முட்டும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை நிரப்புங்கள். நிரப்புகிறேன் என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள். ஒரு தடவை சொன்னால் போதும்.